உயிலும் போனும்: சொத்துத் திட்டமிடலில் முதன்முதலாக இறங்குபவர்களுக்கு

என் அக்காவின் கணவர் திடீரென்று இறந்தபோது உயில் தயாராக இருந்தது. கையெழுத்து, 2 சாட்சிகள், தேதி என்று எல்லாம் ஒழுங்காக இருந்த ஒரே ஒரு பக்கம். "என் பெயரில் உள்ள அனைத்தும் என் மனைவிக்கு" என்று எழுதியிருந்தார். அதைப் பார்த்ததும் எங்களுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் அந்த "அனைத்தும்" எங்கெங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவருடைய போன் மேசைமேல் கிடந்தது. அவ்வப்போது திரை ஒளிரும், ஏதோ செய்தி வந்திருப்பதாகக் காட்டும், அவ்வளவுதான். பூட்டைத் திறக்கும் எண் யாரிடமும் இல்லை. மூன்றாவது வாரம், வீணாக ஏன் பணம் கட்ட வேண்டும் என்று நல்லெண்ணத்தில் ஒருவர் அந்த எண்ணின் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லிவிட்டார். அன்றோடு ஓடிபி வரும் வழியும் அடைந்துபோனது. பழைய கடிதங்களையும் வரிக் காகிதங்களையும் கிளறி, ஒவ்வொரு கணக்காகக் கண்டுபிடித்து முடிக்க ஒன்றரை வருடம் ஆனது.

உயில் அக்காவுக்கு உரிமையைக் கொடுத்தது. கதவு எங்கே இருக்கிறது, சாவி எங்கே இருக்கிறது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. சொத்து என்பது பத்திரமும் பெட்டகமுமாக இருந்த காலத்தில் அது பெரிய குறையாகத் தெரிந்திருக்காது. இன்று பாதி வாழ்க்கை போனுக்குள் இருக்கிறது. சட்டங்களும் மெல்ல மாறிவருகின்றன, பெரிய நிறுவனங்களும் தங்கள் சேவைக்குள்ளேயே சில ஏற்பாடுகளை வைத்திருக்கின்றன. இதையெல்லாம் எந்த வரிசையில் செய்யலாம் என்று, முதன்முதலாகத் தொடங்குபவரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் பட்டியல்

வக்கீலிடம் போவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. ஒரு தாளில், உங்களுக்கு எங்கெங்கே என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். கடவுச்சொல் எதுவும் இதில் வேண்டாம். நிறுவனத்தின் பெயர், கணக்கின் வகை, எந்த இமெயில், எந்தப் போன் எண்ணோடு இணைத்திருக்கிறீர்கள் என்பது மட்டும் போதும்.

நினைவிலிருந்து எழுத உட்கார்ந்தால் பாதி விட்டுப்போகும். கடந்த ஒரு வருட வங்கிக் கணக்கு அறிக்கையை எடுத்து வரி வரியாகப் பாருங்கள். காப்பீட்டுத் தவணை, சந்தா, கடன் தவணை எல்லாம் அதில் தலைகாட்டும். ஒரு வருடம் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, வருடத்துக்கு ஒருமுறை மட்டும் கழியும் தொகைகள் 3 மாத அறிக்கையில் சிக்காது. அப்புறம் இமெயிலில் "புதுப்பித்தல்", "ரசீது", "வரவேற்கிறோம்" போன்ற சொற்களை, உங்களுக்கு வரும் அஞ்சல்களின் மொழியிலேயே தேடுங்கள். கடைசியாகப் போனில் உள்ள செயலிகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பாருங்கள். என் பட்டியலை இப்படித் தயார் செய்தபோது நானே மறந்துபோன ஒரு சேமிப்புக் கணக்கு கிடைத்தது.

பட்டியலில் பணம் மட்டும் இருந்தால் போதாது. கிளவுடில் உள்ள படங்கள், குரல் பதிவுகள், எழுதி வைத்த குறிப்புகள் எல்லாம் குடும்பத்துக்குப் பெரிய சொத்து. இணையதளப் பெயர் ஏதாவது வாங்கியிருந்தால் எழுதுங்கள், புதுப்பிக்காவிட்டால் அது கைமாறிவிடும். உங்கள் தொழிலின் பக்கத்தை நீங்கள் ஒருவரே நிர்வகித்தால் அதையும் எழுதுங்கள். முடிந்தால் இன்றே இன்னொருவரையும் நிர்வாகியாகச் சேர்த்துவிடுங்கள். "வாங்கிய" மின்னூல்கள், படங்கள், பாட்டுகள் பெரும்பாலும் சொத்தே அல்ல என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். விதிமுறைகளைப் படித்தால், நாம் காசு கொடுத்தது நம் ஆயுள்வரை பார்க்கும் உரிமத்துக்குத்தான் என்று புரியும். அதை உயிலில் எழுதி யாருக்கும் ஆசை காட்ட வேண்டாம்.

உயில்: காகிதமா, கணினியா?

கணினியில் எழுதி, திரையிலேயே கையெழுத்திட்டு உயிலை முடித்துவிடலாமா என்பதுதான் பலரும் கேட்கும் முதல் கேள்வி. பதில் நீங்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்தது.

அமெரிக்காவின் நெவாடா மாநிலம் 2001லேயே மின்னணு உயிலுக்குச் சட்டம் போட்டது. மற்ற மாநிலங்களும் பின்பற்றுவதற்கு ஏற்ற ஒரு மாதிரிச் சட்டம் 2019ல் அங்கே வந்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா 2021 டிசம்பர் 1 முதல் மின்னணு உயிலை ஏற்கிறது. இங்கிலாந்தில் கொரோனா காலத்தில் சாட்சிகள் வீடியோ அழைப்பு வழியாகப் பார்த்துக் கையெழுத்திடலாம் என்று அனுமதித்தார்கள். அந்த அனுமதி 2024 ஜனவரி 31உடன் முடிந்துவிட்டது. இந்தியாவில் மின்னணு ஆவணங்களுக்கும் கையெழுத்துக்கும் அங்கீகாரம் கொடுத்த 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டமே உயிலை அந்த வரம்பிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது.

ஆகவே என் யோசனை இதுதான்: உங்கள் இடத்துச் சட்டம் மின்னணு உயிலைத் தெளிவாக ஏற்கிறது என்று வக்கீல் ஒருவர் சொல்லாதவரை காகிதத்திலேயே எழுதுங்கள். கணினியில் தட்டச்சு செய்யலாம், அச்செடுக்கலாம். கையெழுத்து பேனாவில் இருக்கட்டும். 2 சாட்சிகள் நேரில் இருக்கட்டும், அவர்கள் உயிலால் எதுவும் பெறாதவர்களாக இருக்கட்டும். சொத்து பெறுபவரே சாட்சியாக நின்றால் அவருக்கு எழுதிய பங்கு செல்லாது என்று சொல்லும் சட்டங்கள் உண்டு.

மூலத்தை ஸ்கேன் செய்து கிளவுடில் வைத்திருக்கிறேன், அது போதும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். போதாது. ஆங்கிலச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில், எழுதியவரின் வசம் இருந்த மூல உயில் அவருக்குப் பின் கிடைக்காவிட்டால், அவரே மனம் மாறிக் கிழித்துப் போட்டுவிட்டார் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். அந்த அனுமானத்தை உடைக்கும் சுமை குடும்பத்தின் தலையில் விழும். ஸ்கேன் பிரதி, மூலம் எங்கே இருக்கிறது என்று நினைவூட்டுவதற்கு உதவும். மூலம் இருக்கும் இடம் குறைந்தது 2 பேருக்குத் தெரிய வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2017ல் ஒரு வழக்கு வந்தது. இறந்துபோன ஒருவரின் போனில், எழுதி முடித்து அனுப்பாமல் விட்ட ஒரு குறுஞ்செய்தி இருந்தது. சொத்து யாருக்கு என்று எழுதி, இதுதான் என் உயில் என்றும் குறிப்பிட்டிருந்தார். நீதிமன்றம் அதை உயிலாகவே ஏற்றுக்கொண்டது. இதைப் படித்துவிட்டு, சரி, போனில் தட்டி வைத்தாலே போதும் போலிருக்கிறதே என்று தோன்றலாம். ஆனால் அந்த ஒரு செய்திக்காக, துக்கத்தில் இருந்த குடும்பமே இரண்டு பக்கமாகப் பிரிந்து நீதிமன்றத்தில் நிற்க வேண்டியிருந்தது. 2 சாட்சிகளைத் தேடும் அரை மணி நேரச் சிரமத்தை நாம் படாவிட்டால், அது பல மடங்காகி நம் பிள்ளைகளிடம் போய்ச் சேரும்.

உயில் எழுதித் தரும் இணையதளங்களும் செயலிகளும் இப்போது நிறைய இருக்கின்றன. ஒரே நாட்டில் சொத்து, ஒரே குடும்பம், பிள்ளைகள் எல்லாரும் பெரியவர்கள் என்றால் அவை ஓரளவு உதவும். இரண்டாம் திருமணம், சிறு குழந்தைகள், கூட்டுத் தொழில், பிறர் துணை தேவைப்படும் ஒரு பிள்ளை, வேறு நாட்டில் ஒரு வீடு, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் வக்கீலிடம் போங்கள். சில நாடுகளில் பிள்ளைகளுக்கு இவ்வளவு பங்கு கட்டாயம் போக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. சில இடங்களில் கல்யாணம் செய்துகொண்டாலே பழைய உயில் ரத்தாகிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் பெரும்பாலான நாடுகளில் 2015 ஆகஸ்ட் 17 முதல், கடைசியாக வழக்கமாக வாழ்ந்த நாட்டின் வாரிசுச் சட்டமே மொத்தச் சொத்துக்கும் பொருந்தும். வேண்டுமானால் உங்கள் குடியுரிமை நாட்டின் சட்டத்தை உயிலில் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். நாடு மாறி வாழ்பவர்களுக்கு இந்த ஒரு வரி எவ்வளவோ சிக்கலை மிச்சப்படுத்தும், படிவ உயிலில் அதற்கு இடம் இருக்கும் என்று சொல்ல முடியாது.

உயிலை நிறைவேற்றப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும்போது வயதில் மூத்தவர் என்று மட்டும் பார்க்காதீர்கள். இமெயில் கணக்கு, கிளவுட், இரட்டைச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லுக்கு மேல் ஓடிபி போல இன்னொன்றையும் கேட்பது) என்றால் என்ன என்று அவருக்குத் தெரியுமா என்றும் பாருங்கள். தெரியாவிட்டால் அவருக்கு உதவியாக இன்னொருவரைச் சேருங்கள். "என் மின்னணுக் கணக்குகளையும், அவற்றிலுள்ள தகவல்களையும் செய்திகளையும் அணுக இவருக்கு அதிகாரம் தருகிறேன்" என்ற கருத்தில் ஒரு வாக்கியத்தை உயிலில் சேர்க்க வக்கீலிடம் சொல்லுங்கள். பழைய மாதிரிப் படிவங்களில் இது இருக்காது.

நியமனதாரர் வாரிசு ஆகிவிடுவாரா?

வங்கியிலும் காப்பீட்டிலும் நாமினி, அதாவது நியமனதாரர், போட்டிருக்கிறேன் என்று பலர் நிம்மதியாக இருப்பார்கள். சில நாடுகளில், சில திட்டங்களில், நாம் குறிப்பிட்ட பயனாளியே பணத்துக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவார், உயில் என்ன சொன்னாலும் சரி. வேறு இடங்களில் நாமினி என்பவர் பணத்தை வாங்கி உரியவர்களிடம் ஒப்படைக்க வேண்டியவர் மட்டுமே. பங்குகள் விஷயத்தில் நாமினி உரிமையாளர் ஆகிவிட மாட்டார் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2023ல் தீர்ப்பளித்தது. உங்கள் ஒவ்வொரு கணக்கும் இதில் எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, நாமினி பெயரும் உயிலில் உள்ள பெயரும் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்குகளுக்குள்ளேயே இருக்கும் ஏற்பாடு

முன்பு இல்லாத, முழுக்கப் புதிதாக வந்திருக்கும் பகுதி இது. காசு செலவில்லை, வக்கீல் வேண்டாம், ஒரு மாலை நேரம் போதும். எனக்குத் தெரிந்தவர்களில் மிகச் சிலரே செய்திருக்கிறார்கள் என்பதுதான் வருத்தம்.

கூகுள் 2013லிருந்து "செயலற்ற கணக்கு மேலாளர்" என்ற வசதியை வைத்திருக்கிறது. கணக்கு அமைப்புகளுக்குள் போனால் கிடைக்கும். எத்தனை மாதம் நீங்கள் கணக்கைத் தொடாவிட்டால் அது செயலற்றது என்று கருத வேண்டும் என முதலில் கேட்கும். 3, 6, 12, 18 மாதம் என்று தேர்வுகள் இருக்கும். அந்தக் கெடு முடிவதற்கு முன் உங்கள் போனுக்கும் இமெயிலுக்கும் எச்சரிக்கை வரும் என்பதால், சும்மா மறந்து இருந்துவிட்டோமே என்ற பயம் வேண்டாம். அடுத்து, 10 பேர் வரை நம்பிக்கையானவர்களைச் சேர்க்கலாம். யாருக்கு எது என்று பிரித்துக் கொடுக்கவும் முடியும்: மகளுக்குப் படங்கள், தொழில் கூட்டாளிக்கு டிரைவ் கோப்புகள், இமெயில் யாருக்கும் வேண்டாம் என்றுகூட. எல்லாம் முடிந்தபின் கணக்கை அழித்துவிடவும் சொல்லலாம். எதையும் அமைக்காமல் விட்டால் என்ன ஆகும்? 2 வருடம் பயன்படுத்தாத தனிநபர் கணக்கைக் கூகுள் அழித்துவிடலாம், 2023லிருந்து அதுதான் அவர்கள் கொள்கை. துக்கம் ஆறி, படங்களைத் தேடலாம் என்று குடும்பம் உட்காரும்போது அங்கே எதுவும் இல்லாமல் போகலாம்.

ஆப்பிள் இதை 2021 டிசம்பரில் கொண்டுவந்தது. ஐபோனின் அமைப்புகளில் உங்கள் பெயரைத் தொட்டு, உள்நுழைவும் பாதுகாப்பும் என்ற பகுதிக்குள் போனால் மரபுத் தொடர்பு (Legacy Contact) என்று ஒன்று இருக்கும். 5 பேர் வரை சேர்க்கலாம், அவர்களிடம் ஐபோன் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சேர்த்ததும் ஒரு அணுகல் சாவி உருவாகும். அதை அச்செடுத்து உயிலோடு வைத்துவிடுங்கள். அந்தச் சாவியும் இறப்புச் சான்றிதழும் இரண்டும் இருந்தால்தான் கதவு திறக்கும். அனுமதி கிடைத்த நாளிலிருந்து 3 வருடம் வரை படங்கள், குறிப்புகள், கோப்புகளை எடுத்துக்கொள்ளலாம், அப்புறம் கணக்கு நிரந்தரமாக அழியும். சேமித்து வைத்த கடவுச்சொற்களும், காசு கொடுத்து வாங்கிய படங்களும் பாட்டுகளும் மட்டும் இதில் வராது.

ஃபேஸ்புக்கிலும் 2015லிருந்து இப்படி ஒருவரை நியமிக்கலாம். அவர் உங்கள் பக்கத்தில் ஒரு அறிவிப்பை மேலே நிறுத்தி வைக்கலாம், முகப்புப் படத்தை மாற்றலாம், ஆனால் உங்கள் தனிச் செய்திகளைப் படிக்க முடியாது. எனக்குப் பின் கணக்கே வேண்டாம் என்றும் தேர்வு செய்யலாம்.

இதில் சட்டம் எங்கே வருகிறது? அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட ஒரு மாதிரிச் சட்டம் 2015ல் வந்தது. ஒருவரின் மின்னணுக் கணக்கு யாருக்கு என்ற கேள்வி எழுந்தால், அந்தச் சேவைக்குள் அவரே செய்துவைத்த ஏற்பாட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்கிறது அது. அதற்கு அடுத்துதான் உயில். இரண்டும் இல்லாவிட்டால் நிறுவனத்தின் விதிமுறைகள். அதாவது, எப்போதோ ஒரு நண்பரின் பெயரைத் திரையில் தட்டிவிட்டு மறந்திருந்தால், அந்தக் கணக்கைப் பொறுத்தவரை உயிலில் நிதானமாக எழுதிய மனைவியின் பெயரைவிட அந்தத் தட்டலுக்கே மதிப்பு அதிகம். அந்த ஊர்ச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாமல் இருக்கலாம். ஆனாலும் இரண்டு இடத்திலும் ஒரே பெயர் இருப்பது எங்கேயும் நல்லது.

ஜெர்மனியில் 2012ல் 15 வயதுப் பெண் ஒருத்தி இறந்துபோனாள். மகளுக்கு என்ன நேர்ந்தது என்று புரிந்துகொள்ள அவளுடைய ஃபேஸ்புக் செய்திகளைப் பார்க்கப் பெற்றோர் கேட்டார்கள். கணக்கு, இறந்தவரின் நினைவாக மட்டும் நிற்கும், யாரும் உள்ளே நுழைய முடியாத நினைவுப் பக்கமாக மாறியிருந்ததால் கிடைக்கவில்லை. கடிதங்களும் நாட்குறிப்பும் வாரிசுக்குப் போவதுபோலவே இந்தக் கணக்கும் வாரிசுக்குப் போகும் என்று அந்நாட்டின் உச்ச உரிமையியல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2018 ஜூலை 12ல். மகள் போய் ஐந்தரை வருடம் ஆகியிருந்தது. பிரான்ஸில் 2016ல் வந்த சட்டம், தனக்குப் பின் தன் தகவல்களை என்ன செய்ய வேண்டும் என்று ஒருவர் எழுதி வைக்க வழி செய்கிறது. சட்டம் நம் பக்கம் மெதுவாகத்தான் நகர்கிறது, அதுவரை நம் கையில் இருக்கும் பொத்தான்களை நாமே அமுக்கி வைக்க வேண்டும்.

சாவிகளும் ஓர் உறையும்

கடவுச்சொற்களை உயிலில் எழுதாதீர்கள். இங்கிலாந்தில் நீதிமன்றம் உறுதி செய்த உயிலின் நகலை யார் வேண்டுமானாலும் விண்ணப்பித்து வாங்கலாம், இதேபோன்ற வழக்கம் வேறு பல இடங்களிலும் உண்டு. தவிர, கடவுச்சொல் மாறும்போதெல்லாம் உயிலை மாற்றிக்கொண்டிருக்க முடியுமா?

எல்லாக் கடவுச்சொற்களையும் ஒரே பூட்டுக்குள் வைக்கும் செயலியான கடவுச்சொல் மேலாளர் ஒன்றைப் பயன்படுத்துங்கள். நூறு சொற்களைப் பாதுகாப்பதற்குப் பதிலாக ஒன்றைப் பாதுகாத்தால் போதும். சிலவற்றில் அவசர அணுகல் வசதி இருக்கிறது: நீங்கள் குறிப்பிட்ட நபர் கேட்டால் உடனே கொடுக்காது, நீங்கள் வைத்த கெடு நாட்கள் காத்திருக்கும், அதற்குள் நீங்கள் மறுக்காவிட்டால் திறந்துவிடும். பிட்வார்டன் என்ற கடவுச்சொல் மேலாளரில் இது இருக்கிறது.

இது எல்லாம் கணினிக்குள். அதற்கு வெளியே, ஒட்டிய உறை ஒன்று கட்டாயம் வேண்டும். என் உறையில் 4 விஷயங்கள்: போன் பூட்டின் எண், கணினியின் கடவுச்சொல், கடவுச்சொல் மேலாளரைத் திறக்கும் தலைச்சொல், இரட்டைச் சரிபார்ப்புக்கான மீட்புக் குறியீடுகள். கைரேகையும் முகமும் நம்மோடு போய்விடும், எண்தான் நிற்கும். உறையின் மேலே பெரிய எழுத்தில் இன்னொரு வரி எழுதியிருக்கிறேன்: "எல்லாக் கணக்கும் முடியும்வரை இந்த சிம்மை நிறுத்த வேண்டாம், மாதக் கட்டணத்தைக் கட்டிக்கொண்டே இருங்கள்." எங்கள் வீட்டில் நடந்தது வேறு எந்த வீட்டிலும் நடக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன், இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதென்றால் அந்த வரியை எடுத்துக்கொள்ளுங்கள்.

சாவியைப் பெறுபவரிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லி வையுங்கள். அந்தச் சாவிகள் எங்கே என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கும், படங்களையும் காகிதங்களையும் காப்பாற்றுவதற்கும்தான். இறந்தவரின் கணக்குக்குள் இறந்தவர் போலவே நுழைந்து பணத்தை மாற்றினால், நல்லெண்ணத்தில் செய்தாலும், மற்ற வாரிசுகளுக்கும் வங்கிக்கும் பதில் சொல்ல வேண்டிவரும், வழக்குகூட வரலாம். பணத்தை நகர்த்துவதற்கு நீதிமன்றமோ வங்கியோ கேட்கும் காகிதம் கையில் வரட்டும்.

கிரிப்டோ வைத்திருப்பவர்களுக்கு

பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயங்களை, அவற்றை வாங்கி விற்கும் பரிமாற்றத் தளத்தில் வைத்திருந்தால் அது வங்கிக் கணக்கு மாதிரிதான், பட்டியலில் பெயர் இருந்தால் குடும்பம் போய்க் கேட்க முடியும். சாவியை நீங்களே வைத்திருக்கும் உங்கள் சொந்த வாலட்டில் இருந்தால் கதை வேறு. பொதுவாக 12 அல்லது 24 சொற்கள் கொண்ட மீட்புத் தொடர்தான் எல்லாமே. அது தொலைந்தால் எந்த நீதிமன்ற உத்தரவாலும் அந்தப் பணத்தை எடுக்க முடியாது. பிரிட்டனில் 2025ல் வந்த ஒரு சட்டம், இப்படிப்பட்ட மின்னணுப் பொருள்களும் சொத்தாகக் கருதப்படலாம் என்று தெளிவாக்கியது. ஆனாலும் அந்தச் சொற்கள் இருந்தால்தான் வாரிசு அதைத் தொட முடியும்.

அந்தச் சொற்களைப் படம் பிடிக்காதீர்கள், இமெயிலில் அனுப்பாதீர்கள், மற்ற சாவிகள் இருக்கும் உறையிலும் வைக்காதீர்கள். காகிதத்திலோ உலோகத் தகட்டிலோ எழுதி, தனி இடத்தில் பூட்டி வையுங்கள். தொகை பெரிதாக இருந்தால், 1979ல் அடி ஷமிர் கண்டுபிடித்த ரகசியப் பங்கீட்டு முறையைப் பயன்படுத்தும் வாலட்டுகள் இருக்கின்றன. ரகசியத்தை 3 பங்காகப் பிரித்து 3 பேரிடம் கொடுத்தால், ஏதேனும் 2 பங்கு சேர்ந்தால் திறக்கும், ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் செய்ய முடியாது. எந்த முறையாக இருந்தாலும், மிகச் சிறிய தொகையை வைத்து, நீங்கள் எழுதிய குறிப்பை மட்டும் பார்த்து இன்னொருவரால் மீட்க முடிகிறதா என்று ஒருமுறை சோதித்துப் பாருங்கள். என் குறிப்பில் எந்தச் செயலியைத் திறக்க வேண்டும் என்றே நான் எழுதவில்லை என்பது அப்படிச் சோதித்தபோதுதான் தெரிந்தது.

உயிரோடு இருக்கும்போதே முடியாமல் போனால்

உயில் இறந்த பிறகுதான் பேசும். நினைவு தப்பி மருத்துவமனையில் கிடக்கும் 3 மாதத்துக்கு அது உதவாது. அதற்கு, நம் சார்பில் இன்னொருவர் செயல்பட அனுமதிக்கும் அதிகாரப் பத்திரம் வேண்டும். பல நாடுகளில், எழுதியவர் சுயநினைவை இழந்ததும் சாதாரணப் பத்திரம் செல்லாமல் போய்விடும். அப்போதும் தொடரக்கூடிய வகை உங்கள் இடத்தில் இருக்கிறதா, அதில் மின்னணுக் கணக்குகளையும் சேர்க்க முடியுமா என்று உயில் எழுதும் அன்றே வக்கீலிடம் கேளுங்கள். எந்த வகையாக இருந்தாலும் இறந்த நிமிடத்தோடு அந்த அதிகாரம் முடிந்துவிடும், பிறகு உயில்தான். சிகிச்சை பற்றிய விருப்பங்களுக்குத் தனி ஆவணம் இருக்கிறது, அதையும் அதே நாளில் முடித்துவிடலாம்.

எழுதியதைச் சொல்லி வையுங்கள்

பட்டியல், உயில், உறை மூன்றும் எங்கே இருக்கின்றன என்று உரியவர்களிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும். இந்தப் பேச்சை எடுப்பது கஷ்டம்தான். நான் அக்காவிடம், "நான் ஊரில் இல்லாதபோது வீட்டில் ஏதாவது அவசரம் என்றால் என்ன செய்வாய்?" என்று ஆரம்பித்தேன், மீதி தானாக வந்தது.

ஒவ்வொரு தாளிலும் தேதி போடுங்கள். வருடத்தில் ஒரு நாளைக் குறித்து வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒருமுறை சரிபாருங்கள். கல்யாணம், விவாகரத்து, குழந்தை, வீடு, நாடு மாறுதல் என்று ஏதாவது நடந்தால் அந்த நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். போன் மாற்றினாலும் அப்படித்தான். போன மாதம் அக்கா புதுப் போன் வாங்கினாள். கடையிலிருந்தே என்னைக் கூப்பிட்டு, பூட்டு எண்ணை மாற்றிவிட்டேன், பழைய உறையைக் கிழித்துப் போடு, இன்று சாயங்காலம் வந்து புதிதாக எழுதித் தருகிறேன் என்றாள்.